படகை எந்தத் தளத்தில் ஏற்றுவது?

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

பல்கலைக்கழகத் தேர்வும் மீன்பிடித் தடைக்காலமும் கைகோத்து வருவது எங்கள் நாகைக் கடற்கரை மாணவ மாணவியருக்கு வாய்த்த தனிப்பேறு. வீட்டின் ஒரு மூலையில் கரிம வேதியியல் குறிப்பேடு விரிந்து கிடக்கும். மறு மூலையில் பஞ்சுப் பொதியும் பிசின் டின்னும் வந்து இறங்கும். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்ததும் படகுகளைக் கரையேற்றி, வெயில் திரும்பும்வரை ஆற அமரச் செப்பனிடுவார்கள். நம்மவர்க்கு அந்த ஓய்வு சித்திரை வெயிலில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆற அமர என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

இத்தடை 2001 இல் 45 நாளாகத் தொடங்கியது. 2017 முதல் 61 நாளாயிற்று. மீனினம் பெருகட்டும் என்று விதித்த தடை. அதை எதிர்த்து எழுத நான் பேனா எடுக்கவில்லை. சிறு நாட்டுப்படகுகள் இந்நாட்களிலும் கடலுக்குப் போகின்றன. விசைப்படகுகள்தாம் எல்லாமாக ஒரே நாளில் கரைக்கு வந்து, ஒரே நாளில் கடலுக்குத் திரும்ப வேண்டும். நான் எழுத வந்தது இடையில் நடக்கும் ஒரு சங்கதியைப் பற்றி. படகை எந்தத் தளத்தில் ஏற்றுவது? கடலோடு பழக்கமில்லாத நண்பர்களுக்கு இது சின்னக் கேள்வியாகத் தோன்றும். ஒரு குடும்பத்தின் அடுத்த ஓராண்டுச் சோறு இக்கேள்விக்குள் இருக்கிறது. தடைக்காலத்திற்கு அரசு தரும் நிவாரணம் குடும்பத்திற்கு 8,000 ரூபாய். அதை வைத்து வீட்டையும் நடத்தி, படகையும் செப்பனிட்டுப் பாருங்கள், தெரியும்.

தளம் எதற்கு, மணலில் இழுத்துப் போட்டால் ஆகாதா என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் இடங்கள் உண்டு. அங்கே ஏற்றத்தில் படகைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், வற்றத்தில் அடிப்பாகம் தானே வெளியே தெரியும். நம் நாகைக் கரையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஐம்பதடி விசைப்படகின் ஏராக்கட்டையைப் பார்க்க வேண்டுமானால் வின்ச்சோ கிரேனோ கொண்டு மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு வசதியுள்ள இடத்தைத்தான் தளம் என்கிறோம். ஊர் வழக்கில் யார்டு. கடுவையாற்றங்கரையில் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் தடைக்காலத்தில் வந்தால் படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கரையில் நிற்பதைக் காணலாம்.

தளத்தைத் தேர்ந்தெடுக்க எங்கள் பக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. மாமன் மச்சான் தளமென்றால் அங்கே. இல்லையேல் வீட்டுக்கு அருகில் உள்ளது. அதுவும் இல்லையேல் ஏற்றுகூலி குறைவாகக் கேட்பது. டீக்கடை பெஞ்சில் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். வலை வாங்க ஐந்து கடை ஏறி இறங்குபவர்கள், அந்த வலையைச் சுமக்கும் படகை ஒரே பேச்சில் ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள். இது எனக்கு விளங்கவே இல்லை.

என் கருத்து இதுதான். நம் படகில் நாமே கைவைக்க விடுகிற தளம் எதுவோ, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கூலி, தூரம், உறவு மூன்றும் அதற்குப் பின்னால் வரட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பார்த்த சில தளங்களில் அண்மைக்காலமாக ஒரு நிபந்தனை நுழைந்திருக்கிறது. “ஏத்துறது, சுரண்டுறது, பஞ்சு அடிக்கிறது, பெயிண்டு, ஃபைபரு எல்லாம் எங்க ஆளுங்கதான். நீங்க சாவியைக் கொடுத்துட்டுப் போங்க, ஜூன் பத்துக்கு வந்து எடுத்துக்கங்க” என்கிறார்கள். கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் படகில் வேலை செய்யும் ஐந்தாறு பேரும் அந்த 61 நாளும் வருமானமின்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கை சும்மா இருக்க, அதே வேலைக்கு வேறு கைகளுக்குக் கூலி கொடுப்பது என்ன நியாயம்? பணத்தைவிடப் பெரிய நட்டம் மற்றொன்று. அடிப்பலகையை உளியால் தட்டிப் பார்த்தவனுக்கு எந்த இடத்தில் மரம் ‘டங்’ என்கிறது, எந்த இடத்தில் ‘தொப்’ என்கிறது என்பது தெரியும். ஐப்பசிக் கடலில் நள்ளிரவில் தண்ணீர் ஏறும்போது அவன் நேராக அந்த இடத்திற்குப் போவான். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடுவான்.

தளத்துக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். தாமே வேலை பார்க்கும் சம்மாட்டிகள் சிலர் மூன்று நாள் வேலையைப் பத்து நாள் இழுப்பது உண்மை. பின்னால் காத்திருக்கும் படகுக்கு அதனால் இடம் கிடைக்காது. ஏணியிலிருந்து எவனாவது விழுந்தால் பழி தளத்தின் தலையில் விழுகிறது. தீப்பிடித்தாலும் அப்படியே. இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால் இவற்றுக்கு மருந்து, நாள் குறித்து எழுதி வாங்கிக்கொள்வதும், குறித்த நாள் தாண்டினால் கூடுதல் வாடகை வாங்குவதுமே. உரிமையாளனைப் படலுக்கு வெளியே நிறுத்துவது மருந்தாகாது.

எல்லா வேலையையும் நாமே செய்துவிடலாம் என்று நான் வாதிடவில்லை. ஏராவில் பழுதென்றால் ஓடாவியைத்தான் கூப்பிட வேண்டும். இன்ஜினையும் ஷாப்டையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்துவது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. இதில் ஒரு நுட்பம் உண்டு. கரையில் கட்டைகளின்மேல் நிற்கும் படகின் உடலும், நீரில் மிதக்கும் படகின் உடலும் ஒரே வடிவில் இருப்பதில்லை. மயிரிழை வளைவு மாறும். ஆகவே படகை இறக்கி மிதக்கவிட்ட பிறகு அந்த நேர்க்கோட்டை மீண்டும் சரிபார்க்க வேண்டும். இறக்கிய கையோடு கணக்கை முடி என்று நெருக்கும் தளத்தை நான் நம்பமாட்டேன். சுரண்டுவது, நல்ல தண்ணீரில் கழுவுவது, பெயிண்ட் பூசுவது, மீன் கிடங்கைத் துப்புரவாக்குவது, கலப்பத்து அடித்த பஞ்சு எங்கே தளர்ந்திருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பது, இவையெல்லாம் நம் கையால் ஆகும். துத்தநாகக் கட்டியை மாற்றுவதும் ஆகும்.

துத்தநாகத்தைப் பற்றி வேதியியல் மாணவி பேசாமல் யார் பேசுவது? உப்புநீரில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால் அது ஒரு மின்கலம். வெண்கல விசிறியும் இரும்புச் சுக்கானும் சேர்ந்து நிற்கும் படகின் அமரம், நம் ஆய்வகத்துக் குவளைக்குள் நடப்பதையே இராப்பகலாகச் செய்துகொண்டிருக்கிறது. இரும்பு அரிபடாமல் இருக்க அதைவிட எளிதில் அரிபடும் துத்தநாகத்தை அருகில் பொருத்துகிறோம். அது கரைந்து இரும்பைக் காக்கிறது. ஹம்ப்ரி டேவி 1824 இல் ஆங்கிலேயப் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளுக்கு இம்முறையைக் கையாண்டார். செம்பு அரிபடுவது நின்றது. ஆனால் செம்பு கரையாமல் போனதால் அதன் நஞ்சும் நீரில் கலக்கவில்லை. சிப்பியும் பாசியும் கூட்டமாக வந்து ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும் இச்செய்தி, எங்கள் வீட்டில் கூலிக் கணக்கோடு சேர்ந்த செய்தி. சென்ற தடைக்காலத்தில் ஒரு தளத்தின் ஆட்கள் எங்கள் படகின் துத்தநாகக் கட்டிகளின்மேலும் அழகாகப் பெயிண்ட் பூசிவிட்டார்கள். பெயிண்ட் மூடிய துத்தநாகம் கடல்நீரைத் தொடாது, தொடாததால் கரையாது, அதன் பங்கையும் சேர்த்துச் சுக்கான் கரையும். அப்பா அன்று பக்கத்தில் நின்றதால் கண்ணில் பட்டது. சுரண்டி எடுத்தோம். அந்த ஆட்கள் கெட்டவர்கள் அல்லர். நாளொன்றுக்கு இத்தனை அடி பூச வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை; அது நம் படகு என்ற எண்ணம் நமக்குத்தானே இருக்கும்?

கைவைக்க விடுகிற தளங்கள் இரண்டு மூன்று கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் எது? முதலில் தரையைப் பாருங்கள். படகின் பாரம் முழுவதும் ஏராவின் அடியில் வைக்கும் கட்டைகளின்மேல் இறங்க வேண்டும். பக்கத்து முட்டுகள் சாயாமல் பிடித்துக்கொள்வதற்கே. பல தளங்களில் முட்டுகளைத் தடிமனாக நிறுத்தி, அடிக்கட்டைக்குக் கிடைத்ததைச் செருகிவிடுகிறார்கள். வெறும் மணல் தரையாக இருந்து ஒரு கோடைமழை பெய்துவிட்டால் கட்டை ஒரு பக்கம் அமிழும், பாரம் முட்டுக்கு மாறும், பலகை உள்வாங்கும். சிமெண்டுத் தரையோ, நன்கு கெட்டித்த சரளைத் தரையோ உள்ள தளத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

அடுத்தது நிழல். இதில்தான் மரப்படகுக்காரர்களுக்கும் ஃபைபர்காரர்களுக்கும் வழக்கு. வெறும் மரப்படகை அக்கினி நட்சத்திரத்தில் மறைப்பின்றி நிறுத்தினால் பலகைகள் சுருங்கி இணைப்புகள் வாய்பிளக்கும். இறக்கிய அன்றே தண்ணீர் உள்ளே வரும். ஆதலால் கீற்று மறைப்பும், மாலையில் ஒருமுறை தண்ணீர் தெளிப்பும் அதற்கு வேண்டும். மரத்தின்மேல் ஃபைபர் போர்த்தும் படகுக்கு ஈரமே பகை. ஈரம் உள்ளே இருக்கப் போர்த்தினால் பிசின் மரத்தைப் பிடிக்காது; ஓராண்டிற்குள் தோல் உரிந்தது போல் எழும்பும். ஆக, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு படகுகளில் ஒன்றுக்குத் தண்ணீர் தெளிக்க, மற்றொன்று அதனால் கெடும். தளத்துக்காரர் இவ்விரண்டையும் பிரித்து நிறுத்துகிறாரா என்று கேளுங்கள். கேட்டதும் விழித்தால் வேறிடம் பாருங்கள்.

பிசின் வேலைக்கு மற்றொரு கணக்கும் உண்டு. பாலியெஸ்டர் பிசின் கெட்டியாவது வெப்பத்தைப் பொறுத்தது. மார்கழிக் காலையில் நிதானமாகப் பூச முடிகிற அதே கலவை, மே மாத நண்பகலில் டின்னுக்குள்ளேயே புகைந்து கட்டியாகிவிடும். வெயிலேறும் முன்பே பிசின் வேலையை முடித்துவிட வேண்டும். அதற்கு விடியற்காலை ஐந்து மணிக்குக் கேட்டைத் திறந்துவிடுகிற தளம் தேவை. எட்டு மணிக்குமேல்தான் உள்ளே விடுவோம் என்றால் அது நமக்கு உதவாது. முடுக்கியாகச் சேர்க்கும் கோபால்ட் கரைசலையும், வினையூக்கியாகச் சேர்க்கும் பெராக்சைடையும் நேரடியாக ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டைப் பிசினில் நன்றாகக் கலந்துவிட்டு, பின்னர்தான் பெராக்சைடு. தளங்களில் இவ்விரு புட்டிகளும் ஒரே சாக்கின்மேல் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியும் தீப்பிடிக்கும் பொருளே. பக்கத்துப் படகில் வெல்டிங் பொறி பறக்க, இந்தப் படகில் பிசின் பூசுவதை அனுமதிக்கும் தளத்தில், இனாமாக இடம் தந்தாலும் ஏற்றக்கூடாது.

வெளியேறும் வரிசையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதலில் ஏறிய படகு தளத்தின் உள்கோடிக்குப் போகும். அதற்குமுன் நிற்கும் படகுகள் இறங்காமல் அது இறங்க முடியாது. உங்கள் வேலை மே மாதக் கடைசியில் முடிந்துவிட்டாலும், முன்னால் நிற்பவருக்கு இன்ஜின் பாகம் வரவில்லையென்றால் நீங்களும் நிற்க வேண்டியதுதான், நாள் வாடகையைக் கொடுத்துக்கொண்டு. தடைக்காலத்திலேயே மீன்வளத்துறையினர் விசைப்படகுகளை ஆய்வு செய்யவும் வருகிறார்கள். ஆய்வுக்குக் காட்டாத படகுக்கு மானிய டீசல் நின்றுவிடும். ஆகவே எந்த வரிசை, யாருக்குப் பின்னால், முன்னவர் தாமதித்தால் வாடகை யாருடையது என்பதை ஏற்றுமுன் தாளில் எழுதி வாங்க வேண்டும். எங்கள் ஊரில் வாய்ச்சொல்லே சாசனம் என்பார்கள். ஜூன் 14 ஆம் நாள் இரவு அந்தச் சாசனத்தை வாசித்துக் காட்ட ஒருவரும் கிடைப்பதில்லை.

ஆற்றையும் பார்க்க வேண்டும். படகின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசும் பெயிண்டில் நஞ்சு இருக்கிறது, அதற்காகத்தானே பூசுகிறோம்! முன்பு ட்ரைபியூட்டைல் டின் என்னும் பொருளைக் கலந்தார்கள். பிரான்சு நாட்டின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே அதனால் நலிந்தது. 1982 இல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலகளாவிய உடன்பாடு 2001 இல் உருவாகி 2008 இல் நடைமுறைக்கு வந்தது. இப்போதைய பெயிண்டுகளில் பெரும்பாலும் செம்புச் சேர்மம். சுரண்டிய தூளை அப்படியே ஆற்றில் தள்ளும் தளங்களை நான் பார்த்திருக்கிறேன். மீன்குஞ்சு பிழைக்க வேண்டுமென்று 61 நாள் பட்டினி கிடந்துகொண்டு, இறால் குஞ்சு வளரும் கழிமுகத்தில் நஞ்சைக் கொட்டுவது எந்த ஊர்க் கணக்கு? படகுக்கடியில் தார்ப்பாய் விரித்துத் தூளை அள்ளிச் சாக்கில் கட்டச் சொல்லும் தளக்காரரை நச்சரிப்பவர் என்று ஏசுகிறார்கள். நான் அவருக்குக் கும்பிடு போடுவேன்.

இனி ஒரு சங்கதி. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். எங்கள் படகின் செலவுக் கணக்கை எழுதுபவள் நான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பங்குப் படகு. கணக்குக் கறாராக இருந்தால்தான் உறவும் கறாராக இருக்கும். பஞ்சு எவ்வளவு போயிற்று, பிசின் எத்தனை கிலோ மிச்சம் என்று பார்க்க நான் தளத்திற்குப் போவேன். “படிக்கிற புள்ளைக்கு இங்கென்ன வேலை?” என்று கேட்பவர்களுக்கு அப்பா பதில் சொல்லிக்கொள்வார். ஆனால் நாள் முழுதும் நிற்கும் ஒரு பெண் ஒதுங்குவதற்கு ஓரிடம் பெரும்பாலான தளங்களில் இல்லை. சோறு கொண்டுவரும் பெண்களும், பழைய வலை பிரித்துக் கட்டும் பெண்களும் அங்கே உண்டு. அவர்கள் தண்ணீர் குடிக்காமலே பொழுதை ஓட்டுகிறார்கள். கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல்! தளம் கட்டுகிறவர் நான்கு சுவர் எழுப்பி ஒரு கதவு போட எவ்வளவு ஆகிவிடும்?

துறைமுகத்திற்குள்ளேயே பொதுத் தளம் ஒன்று அமைத்து, அதில் ஒரு பகுதியை ‘தாமே செப்பனிடுவோர்க்கு’ என ஒதுக்கினால் தனியார் தளங்களின் நிபந்தனை தானே தளரும் என்று நினைக்கிறேன். பெரிய படகு வைத்திருப்போர் இதற்குக் குரல் கொடுக்கமாட்டார்கள். அவர்களுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வசதி இருக்கிறது. ஒற்றைப் படகுக்காரர்கள்தாம் கேட்க வேண்டும். நம் துறைப் பேராசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிசினையும் பெராக்சைடையும் எப்படிக் கலப்பது, துத்தநாகத்தை எங்கே பொருத்துவது என்று தடைக்காலத்தின் முதல் வாரத்தில் அரை நாள் செய்முறை விளக்கம் தளத்திலேயே நடத்தினால், தேர்வுக்கிடையேயும் வர எங்கள் வகுப்பில் ஆறேழு பேர் ஆயத்தமாக இருக்கிறோம். மேசையும் தராசும் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டாம்.

வரும் தடைக்காலத்திற்கு அப்பா இரண்டு தளங்களைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம், கூலியும் குறைவு, வேலை முழுவதும் அவர்கள் ஆட்கள். மற்றொன்று அக்கரையில் இருக்கிறது, போகவர ஆற்றைச் சுற்ற வேண்டும், தரை சிமெண்டு, காலை ஐந்துக்குத் திறக்கிறார்கள், ஏணி மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டுமாம். சித்தப்பா முதலாவதைச் சொல்கிறார். அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. நான் இரண்டாவதற்குக் கணக்குப் போட்டு, ஏணி வாங்கும் செலவையும் சேர்த்து, குறிப்பேட்டில் எழுதி அவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன்.